பாட்டு நின்றால் பழி யார்மேல்?

ஸ்மார்ட் ஸ்பீக்கரில் பாட்டு நின்றுபோனால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். ரூட்டரை அணைத்துப் போடுங்கள். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிச் செருகுங்கள். பாட்டு ஆப்பின் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். தயாரித்த கம்பெனியின் உதவி மையத்தைக் கேட்டாலும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனைக் கேட்டாலும் இதே நான்கு படிகள், இதே வரிசை. பாட்டு நடுவில் திக்கினாலும் சரி, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றாலும் சரி, போனில் ஸ்பீக்கரின் பெயரே தெரியாவிட்டாலும் சரி, மருந்து மாறுவதில்லை. பல நேரம் குணமாகவும் செய்கிறது. அதனால்தான் இந்த வைத்தியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குள் பாட்டு எதுவும் கிடையாது. ‘அலெக்ஸா’ என்றோ ‘ஹே கூகுள்’ என்றோ கூப்பிடும் சொல்லைத்தான் அது சொந்தமாக அடையாளம் காண்கிறது. அதற்குப் பிறகு நாம் சொல்வதெல்லாம் ஒலியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அமெரிக்காவில் அமேசானின் சில எக்கோ கருவிகளில் பேச்சை வீட்டுக்குள்ளேயே எழுத்தாக்கும் வசதி இருந்தது. அமேசான் அதையும் 2025 மார்ச் 28 முதல் எடுத்துவிட்டது. சர்வரில் பேச்சு எழுத்தாகிறது, எழுத்திலிருந்து பாட்டின் பெயர் பிரிக்கப்படுகிறது, நம் கணக்கில் எந்தப் பாட்டுச் சேவை முதன்மையாக வைக்கப்பட்டிருக்கிறதோ அதன் கதவு தட்டப்படுகிறது. சந்தா உண்டா, இந்தப் பாட்டுக்கு இந்த நாட்டில் உரிமம் உண்டா, இதே கணக்கில் வேறு யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று அந்தச் சேவை பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் ஸ்பீக்கருக்கு ஒரு முகவரி வருகிறது. அங்கிருந்து அது தானே பாட்டைத் துண்டு துண்டாக இழுத்துக்கொள்கிறது. போனிலிருந்து காஸ்ட் செய்தாலும், ஸ்பாட்டிஃபை கனெக்ட் வழியாக அனுப்பினாலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். எதைப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன் ஒதுங்கிக்கொள்கிறது. ப்ளூடூத்தில்தான் பாட்டு போனிலிருந்தே வருகிறது.

ஆக, ஒரு பாட்டு ஒலிக்க வேண்டுமென்றால் வீட்டு வைஃபை, பிராட்பேண்ட் கம்பெனி, குரல் உதவியாளரின் சர்வர், பாட்டுச் சேவை, உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனம் என்று ஐந்து தரப்பும் ஒத்துழைக்க வேண்டும். அதில் ஒன்றுதான் நம் வீட்டுக்குள் இருக்கிறது. வைத்தியம் பெரும்பாலும் அந்த ஒன்றுக்குத்தான் சொல்லப்படுகிறது.

இதற்குக் காரணம் ஸ்பீக்கரின் பேச்சு. நெட் இல்லாதபோது எக்கோ பல நேரம் என்ன சொல்கிறது? இப்போது புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள் என்கிறது. கேட்டவர் தன் உச்சரிப்பில்தான் கோளாறு என்று நினைத்து, குரலை உயர்த்தி, அட்சரம் அட்சரமாக மறுபடி சொல்கிறார். சொன்னது போய்ச்சேரவே இல்லை என்பதுதான் உண்மை. கூகுளின் பெட்டி பல நேரம் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். வாசலுக்குப் பார்சல் வந்தால் எக்கோவில் மஞ்சள் ஒளி துடிக்கிறது; மைக்கை அணைத்தால் சிவப்பு. பாட்டு ஏன் நின்றது என்பதற்குப் பெரும்பாலும் நிறமும் இல்லை, சொல்லும் இல்லை. வாஷிங் மெஷின்கூட தண்ணீர் வராவிட்டால் ஒரு எண்ணைக் காட்டுகிறது. அதைப் பார்த்து மெக்கானிக் குழாயைத் திறக்கிறார். இந்தப் பெட்டியில் அந்த எண் இல்லாததால் குழாயா, மோட்டாரா, கரண்டா என்று தெரியாமல் மொத்தத்தையும் கழற்றுகிறோம்.

சாதாரண ஜனங்களை எண்களால் மிரட்டக் கூடாது என்று கம்பெனிகள் இதற்கு நியாயம் சொல்லக்கூடும். அதில் பாதி நியாயம் உண்டு. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு சர்வர் பிழை எண் எதற்கு? ஆனால் ‘வைஃபை வரவில்லை’, ‘உங்கள் கணக்கு வேறு கருவியில் ஓடுகிறது’, ‘இந்தப் பாட்டு இப்போது இந்தச் சேவையில் இல்லை’ என்ற மூன்று வாக்கியங்களில் யாரை மிரட்டும் எண் இருக்கிறது? எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பது அவர்களுடைய மென்பொருளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கருவியின் முதல் குறை. மற்ற குறைகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

கருவி சொல்லாததை நாமே கண்டுபிடிக்கலாம். அதற்கு எதையும் அணைக்க வேண்டாம், பிடுங்க வேண்டாம். பாட்டு வராதபோது ஸ்பீக்கரிடம் இன்றைய வானிலையைக் கேளுங்கள். பதில் வந்தால் வைஃபையும் பிராட்பேண்டும் குரல் சர்வரும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து ஒரு வானொலி நிலையத்தைப் போடச் சொல்லுங்கள். வானொலி தடையில்லாமல் ஓடி, பாட்டு மட்டும் வரவில்லையென்றால் கோளாறு கணக்கிலோ சேவையிலோ உரிமத்திலோ இருக்கிறது; ரூட்டரைத் தொடுவது வீண். வானொலியும் திக்கினால் வீட்டுக் காற்றைச் சந்தேகிக்கலாம். வானிலைக்கே பதில் இல்லை, ஆனால் அதே வைஃபையில் போன் ஓடுகிறது என்றால் ஸ்பீக்கரையோ அதன் சர்வரையோ பார்க்க வேண்டும். ஐந்து சந்தேகங்களை இரண்டே கேள்விகள் ஒன்றிரண்டாகக் குறைத்துவிடுகின்றன. உதவி மையத்தில் சாட் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்விகள் அங்கே அநேகமாக வருவதே இல்லை.

போன் ஓடுவதை வைத்து வைஃபைக்கு நற்சான்று கொடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. ‘போன்ல நல்லாத்தானே பாடுது’ என்பது எல்லோரும் சொல்லும் வாதம். போன் பாட்டை முன்கூட்டியே இழுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளும்; அடிக்கடி கேட்கும் பாட்டு ஏற்கெனவே அதன் வயிற்றில் இருக்கும். வைஃபை தளர்ந்தால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஸ்பீக்கருக்கு இந்தச் சலுகைகள் இல்லை. சிம் கிடையாது, சேமிப்பிடம் குறைவு. போனை நியாயமான சாட்சியாக்க வேண்டுமென்றால், மொபைல் டேட்டாவை அணைத்து, ஸ்பீக்கர் இருக்கும் அதே இடத்தில் போனை வைத்து, இதுவரை கேட்டிராத ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறுபவர்களும் இதே பொறியில் விழுந்தவர்கள்தான். ஸ்பாட்டிஃபையின் உயர்ந்த சாதாரணத் தரம் விநாடிக்கு 320 கிலோபிட். நிமிடத்துக்கு 2.4 எம்.பி., ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்.பி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டுக்கு வேண்டியது சிறிய ஓட்டம்தான், ஆனால் அறுபடாத ஓட்டம். வானிலைப் பதில் ஒரு மூச்சில் வந்து சேர்ந்துவிடும். நடுவில் இரண்டு விநாடி காற்று அடைத்தாலும் யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடப் பாட்டில் அது தெரியும். ஸ்பீடு டெஸ்டில் பெரிய எண்ணைக் காட்டி கம்பெனிக்காரர் கையைத் துடைத்துக்கொள்வது இதனால்தான் பொருளற்றது.

திக்கல் விஷயத்தில் மட்டும் என் தீர்ப்பு பெரும்பாலும் வீட்டுக்கு எதிராகத்தான் இருக்கும். அடுக்குமாடிகளில் ஒரே காற்றைப் பல ரூட்டர்கள் பங்கு போடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் அது களைத்துவிடும். ரூட்டரோ ஃபைபர் வீட்டுக்குள் நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஸ்பீக்கர் சமையலறையில் இருக்கும், ஏனென்றால் கை வேலையாக இருக்கும்போதுதான் குரலில் கேட்க வேண்டியிருக்கிறது.

உறவினர் வீடு ஒன்றில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. ‘காலையில நல்லாத்தான் பாடுது தம்பி, ராத்திரி சாப்பாடு எடுத்து வைக்கிற நேரம் பாத்துத்தான் மூச்சு வாங்குது’ என்றார் அத்தை. ரீசெட் ஏற்கெனவே ஆகியிருந்தது. கணக்கு நீக்கி இணைத்ததும் ஆகியிருந்தது. ஸ்பீக்கர், மைக்ரோவேவ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செருகப்பட்டிருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து அடுப்பை ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பாட்டு அறுந்தது. அடுப்பு நின்றதும் மறுபடி எடுத்தது. மைக்ரோவேவ் அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கசிவு உடலுக்குத் தீங்கில்லாத அளவில் இருந்தாலும், ஒட்டி நிற்கும் வைஃபைக் கருவியின் காதை அடைக்கப் போதும். ராத்திரி குழம்பைச் சுடவைக்கும் நேரம்தான் பாட்டு நிற்கும் நேரம். ஸ்பீக்கரை எதிர்ச் சுவர் அலமாரிக்கு மாற்றினோம், செலவு இல்லை. ‘இதுக்கா அந்தப் புள்ள என்னை மூணு தடவ பாஸ்வேர்டு போட வச்சான்?’ என்று கேட்டார். உதவி மையத்துப் பையனைச் சொன்னார்.

இடம் மாற்றுவதுதான் திக்கலுக்கு நான் முதல் மார்க் போடும் மருந்து. ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே, உயரத்தில் வைப்பதும் அதில் சேர்த்தி. அதற்குப் பிறகும் திக்கினால் ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம், அல்லது ரூட்டரின் சேனலை நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தலாம். ஆயிரம் ரூபாய் ரிப்பீட்டர் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. அது வேகத்தைப் பாதியாக்கும் என்பார்கள். பாட்டுக்குப் பாதி வேகம் தாராளம், அதல்ல குறை. அது வேறு பெயரில் தனி நெட்வொர்க் போல நின்று போனையும் ஸ்பீக்கரையும் பிரித்துவிடும்போது புதிய தொல்லை ஒன்று ஆரம்பிக்கிறது. குரலில் கேட்டால் பாடுகிறது, போனில் பார்த்தால் ஸ்பீக்கரே இல்லை.

இந்தத் தொல்லை தனி ஜாதி. போனும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது வீட்டுக்குள்ளேயே நடக்கும் கூவல், எம்டிஎன்எஸ் என்பார்கள். ‘இங்கே யார் யார் இருக்கிறீர்கள்’ என்று போன் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்க, ஸ்பீக்கர் பதில் தருகிறது. கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று இருந்தாலும், கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ஏபி ஐசொலேஷன் ரூட்டரில் போடப்பட்டிருந்தாலும், போனில் விபிஎன் ஓடினாலும் இந்தக் கூவல் காதில் விழாமல் போகலாம். ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த 2020 முதல் ஒவ்வொரு ஆப்பும் உள் நெட்வொர்க்கைப் பார்க்கத் தனி அனுமதி கேட்கிறது. அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியவர்கள் ஏராளம். இதில் எதுவுமே ரீசெட்டில் தீராது. ஆனாலும் ரீசெட்தான் சொல்லப்படுகிறது.

அந்தக் கூவலே ரூட்டரைச் சாய்த்த கதையும் உண்டு. 2018 ஜனவரியில் பல வீடுகளில் வைஃபை திடீர் திடீரென்று விழுந்தது. ரூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டிபி-லிங்க் பொறியாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, தூங்கி எழும் ஆண்ட்ராய்டு கருவிகள், தூங்கிய நேரத்துக்கெல்லாம் சேர்த்துக் கூவல்களை ஒரே மூச்சில் கொட்டியது தெரிந்தது. சில சமயம் அது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. தாங்க முடியாமல் ரூட்டர் படுத்துவிட்டது. கூகுள் தன் பக்கத்தில் ஒரு அப்டேட் விட்டுத்தான் சரிசெய்தது. அதுவரை ரூட்டரை அணைத்துப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் குணம் தெரிந்தது. அடுத்த முறை போன் தூங்கி எழும்வரை.

ரீஸ்டார்ட்டின் மதிப்பை இங்கேதான் நிறுக்க வேண்டும். அது மூடநம்பிக்கை இல்லை. சிக்கிக்கொண்ட தொடர்பு அறுந்து புதிதாகப் பிறக்கிறது, ஐபி முகவரி புதிதாகக் கிடைக்கிறது, பல ரூட்டர்கள் சேனலையும் மறுபடி தேர்ந்தெடுக்கின்றன. கரண்ட் போய் வரும்போது ஸ்பீக்கர் முதலில் விழித்து, ரூட்டர் ஃபைபரோடு பேசி முடிப்பதற்குள் களைத்து நின்றுவிடுவது உண்டு. அப்போது ரூட்டர் நிலைத்த பிறகு ஸ்பீக்கரை மட்டும் ஒரு முறை அணைத்துப் போடுவது சரியான மருந்து. என் ஆட்சேபம் வேறு. ரீஸ்டார்ட் நோயோடு தடயத்தையும் அழித்துவிடுகிறது. எது பிழை என்று தெரியாமலே குணமானதால், அடுத்த வாரம் அதே நோய் வரும்போது அதே மருந்தைத் தவிர நம்மிடம் வேறு ஒன்றும் இருப்பதில்லை. வானிலையும் வானொலியும் கேட்ட பிறகு ரீஸ்டார்ட் செய்தால் இந்த நஷ்டம் இல்லை. பாஸ் மார்க் உண்டு, முதலிடம் இல்லை.

ஃபேக்டரி ரீசெட்டுக்கு அந்தப் பாஸ் மார்க்கும் போட மாட்டேன். 2025 மார்ச் 9 அன்று, 2015இல் வந்த கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தன. பழைய ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பாட்டுக் கேட்க குரோம்காஸ்ட் ஆடியோ மலிவான வழியாக இருந்தது. 2019லேயே விற்பனை நின்றும் பலர் விடாமல் வைத்திருந்தார்கள். கோளாறு எந்த வீட்டிலும் இல்லை. கருவியை நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் பத்தாண்டு ஆயுள் அன்று முடிந்திருந்தது, அதற்குள் அது புதுப்பிக்கப்பட்டிருக்கவில்லை. பழகிய வைத்தியத்தை நம்பி ஃபேக்டரி ரீசெட் செய்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அழித்த கருவியை மறுபடி நிறுவ அதே சான்றிதழ் வேண்டும். அது செத்துக் கிடந்தது. தயவுசெய்து ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொல்ல வேண்டி வந்தது. சும்மா இருந்தவர்களுக்குச் சில நாட்களில் அப்டேட் தானாக வந்து பாட்டு திரும்பியது; ரீசெட் செய்தவர்களுக்கு அதற்குப் பிறகும் தனி வழி தேட வேண்டியிருந்தது.

ரீசெட்டுக்கு எதிராக இதைவிடப் பலமான சாட்சி வேண்டியதில்லை. கருவியைக் கைமாற்றிக் கொடுக்கும்போதோ, செட்டப்பே பாதியில் நின்று முன்னும் போகாமல் பின்னும் போகாமல் தவிக்கும்போதோ அது தேவை. பாட்டு வரவில்லை என்பதற்கு அது மருந்தே இல்லை.

சர்வர் பக்கத்து நோய்களுக்குப் பொறுமை ஒன்றுதான் மருந்து என்பது கேட்க எரிச்சலாக இருக்கும். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருக்கும் அமேசானின் சர்வர் மையத்தில் முகவரி காட்டும் அமைப்பு பிசகியபோது பல நாடுகளில் அலெக்ஸா வாயடைத்துப் போனது. அன்று எத்தனை ரூட்டர்கள் காரணமில்லாமல் அணைந்து எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வழக்கால் வந்த கோளாறும் இருக்கிறது. ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் தொடர்ந்த காப்புரிமை வழக்கில் 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பல ஸ்பீக்கர்களைக் குழுவாக்கி ஒரே இழுப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியிலிருந்து ஒரு பொத்தான் காணாமல் போனது, வீட்டுக்காரருக்கு அது பழுதாகத்தான் தெரிந்திருக்கும். அந்த சோனோஸும் யோக்கியம் இல்லை. 2024 மே மாதம் வெளியிட்ட புதிய ஆப்பில் அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற அடிப்படைகளே விட்டுப்போயிருந்தன. தலைவர் பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியை விட்டார்.

இனி, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்ற நோய். இதில் பாதிக்கு மேல் நோயே இல்லை, ஒப்பந்தம். இலவசக் கணக்கில் குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் அதைப்போன்ற பாட்டுகளைக் கலைத்துப் போடுவது பல சேவைகளின் வழக்கம். 2022 நவம்பரில் அமேசான், அமெரிக்கா முதலான நாடுகளில் பிரைம் சந்தாவோடு வரும் பாட்டுகளை 20 லட்சத்திலிருந்து பத்துக் கோடியாக்கியது. அதோடு, கேட்டதைக் கேட்டபடி போடும் வசதியைச் சுருக்கி ஷஃபிளாக்கியது. ஸ்பீக்கர் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்கிறது. சந்தாவின் சிறிய எழுத்தைப் படிப்பதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை.

பாட்டு திடீரென்று பாதியில் நின்று, மகளின் போனில் ஓட ஆரம்பித்தால் அதுவும் ஒப்பந்தமே. ஒரு தனிநபர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவி. வீட்டில் எல்லோரும் அப்பாவின் கணக்கில் பாட்டுக் கேட்கும் குடும்பங்களில் இந்தச் சண்டை தினமும் நடக்கிறது, பழி வைஃபைமேல் விழுகிறது. முதன்மைச் சேவையை மாற்றாமல் விடுவது இன்னொன்று. காசு கட்டியிருப்பது ஸ்பாட்டிஃபைக்கோ ஜியோ சாவனுக்கோ, ஆனால் அலெக்ஸா தேடுவது அமேசான் மியூசிக்கில். அலெக்ஸா ஆப்பின் அமைப்புகளில் முதன்மைச் சேவையை ஒரு தடவை மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் முடிந்தது.

நேற்றிருந்த பாட்டு இன்று இல்லை என்பதும் உண்டு. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உரிமப் பேச்சு முறிந்தபோது அந்த நிறுவனத்தின் ஏராளமான பாட்டுகள் ஒரே நாளில் மறைந்தன. ஸ்பீக்கரிடம் கேட்டவருக்குப் பாட்டு இல்லை என்ற பதிலோ, யாரோ பாடிய கவர் பதிப்போ கிடைத்திருக்கும். போன் ஆப்பில் அதே பாட்டைத் தேடிப் பார்த்தால் ஒரு நொடியில் விஷயம் தெரிந்துவிடும். பெயர் மங்கலாகக் கிடந்தாலோ பெயரே இல்லாவிட்டாலோ ஸ்பீக்கர் நிரபராதி.

தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சுங்கம் உண்டு. அலெக்ஸா இந்தியாவுக்கு 2017இல் வந்தது, 2019இல் இந்தி கற்றது. தமிழ்ப் பாட்டைப் போடச் சொன்னால் போடும். ஆனால் அதோடு பேசும் மொழி ஆங்கிலமோ இந்தியோதான். நாம் ழகரத்தோடு சொல்லும் பெயரை ஆங்கிலக் காது கேட்டு, ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதிந்து வைத்த பட்டியலில் தேட வேண்டும். அந்தப் பட்டியலிலோ மூலப்பாட்டுக்குப் பக்கத்திலேயே ரீமிக்ஸ், லோ-ஃபை, கரோக்கி எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றே: பிடித்த பாட்டுகளைப் போனில் ஒரு பிளேலிஸ்ட்டாக்கி, எந்தப் படத்துக்கும் ஆல்பத்துக்கும் இல்லாத இரண்டு எளிய ஆங்கிலச் சொற்களை அதற்குப் பெயராக வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது. வேலை செய்கிறது. ஆனால் பாட்டின் பெயரைத் தமிழில் சொல்லிக் கேட்கலாம் என்று நம்பி வாங்கியவருக்கு இது தீர்வா? எனக்கு இது சமரசமாகத்தான் தெரிகிறது. கம்பெனிகள் முடிக்காமல் விட்ட வேலையை நாம் செய்துகொடுக்கிறோம்.

வீட்டுக் காற்றா, வெளியா என்று இன்னும் சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு கடைசிச் சோதனை. இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு வைஃபையின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்து, ரூட்டரை அணைத்துவிடுங்கள். பாதுகாப்பு முறையும் ஒத்துப்போனால் ஸ்பீக்கர் வித்தியாசம் தெரியாமல் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளும். புதிதாக செட்டப் வேண்டாம். அதில் அரை மணி நேரம் சுத்தமாகப் பாடினால் ரூட்டரோ பிராட்பேண்டோ குற்றவாளி. அதிலும் திக்கினால் ஸ்பீக்கரின் வைஃபையே பழுதாக இருக்க நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு உதவி மையத்தைக் கூப்பிட்டு, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று அங்கிருப்பவர் ஆரம்பிக்கும்போதே இதைச் சொல்லி மாற்றுப் பெட்டி கேட்கலாம்.

மொத்தத்தில் என் கணக்கு இது. நடுவில் திக்குவது பெரும்பாலும் வீட்டுக் குற்றம். இடம் மாற்றுவதில் தீரும். பாட்டே வராமல் போவதும் வேறு பாட்டு வருவதும் பெரும்பாலும் வெளியார் குற்றம். ரூட்டரையும் ரீசெட்டையும் அதில் இழுப்பது, குற்றத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டும் வேலை. வானிலை, அலாரம், சமைக்கும்போது ஏதோ ஒரு பாட்டு என்பதற்கு இந்தப் பெட்டி தேறும். வீட்டின் ஒரே பாட்டுக் கருவியாகத் தேறாது. ஐந்து பேரில் ஒருவர் ஒத்துழைக்காவிட்டாலும் ஊமையாகிவிடும் ஒன்றை நம்பி பழைய செட்டை எடைக்குப் போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒலித் தரத்தைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியது, நெட் இல்லாமலும் பாட்டு உள்ளே போக ஒரு வழி இருக்கிறதா என்பதுதான். அந்த வழிகளை கம்பெனிகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன. எக்கோ டாட்டில் நான்காம் தலைமுறை வரை இருந்த 3.5 மி.மீ. துளை, 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் இல்லை. ப்ளூடூத் இன்னும் மிச்சம் இருக்கிறது. நெட் நன்றாக இருக்கும்போதே ஒரு பழைய போனை ஸ்பீக்கரோடு இணைத்து வைத்துவிட வேண்டும், ஏனென்றால் முதல் இணைப்புக்கு ஆப்போ குரலோ தேவை. பிறகு போனிலிருந்தே பெரும்பாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதில் பாட்டுகளை டவுன்லோடு செய்து வைக்கலாம். ஸ்பாட்டிஃபை பிரீமியம் என்றால் 30 நாளுக்கு ஒரு முறையாவது போனை நெட்டில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளும் பூட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய எம்பி3 கோப்புகளுக்கு அந்த நிபந்தனையும் கிடையாது.